கெர்னலின் கதை – 14: பொறி தன்னையே பிடித்த ஆண்டு

2005 செப்டம்பரில் லினக்ஸ் கெர்னலுக்குள் ஒரு திருத்தம் நுழைந்தது. அனுப்பியவர் பிரசன்னா பஞ்சமுகி. பெங்களூரில், ஐ.பி.எம். மென்பொருள் ஆய்வகத்தின் லினக்ஸ் டெக்னாலஜி சென்டரில் வேலை பார்த்தவர். ஒரு கம்ப்யூட்டர் எப்படி உறைந்துபோகிறது என்பதைத் திருத்தத்தோடு சேர்த்துப் படிப்படியாக எழுதியிருந்தார்.

கெர்னலுக்குள் கெட்_கேபுரோப் என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது. அதில், ஓட்டம் அங்கே வந்ததும் நமக்குத் தெரிவிக்கும் ஒரு பொறி வைக்கிறோம். அடுத்து, அன்றைய கெர்னலில் புதிய புராசஸை உருவாக்கிய டு_ஃபோர்க் ஃபங்ஷனில் இன்னொரு பொறி வைக்கப் போகிறோம். இந்த இரண்டாவது பொறியைப் பதிவு செய்யும் நிரல் முதலில் ஒரு பூட்டை எடுக்கும். எடுத்த கையோடு, அந்த இடத்தில் ஏற்கெனவே பொறி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க கெட்_கேபுரோப்பை அழைக்கும். அங்கேதான் முதல் பொறி காத்திருக்கிறது. அது தட்டியவுடன் பொறிகளைக் கையாளும் நிரல் எழுந்து அதே பூட்டைக் கேட்கும். பூட்டோ அதே சி.பி.யு.வில், பாதியில் நிற்கும் பதிவு வேலையின் கையில் இருக்கிறது. பதிவு வேலை முடிந்தால்தான் பூட்டு விடுபடும். பூட்டு கிடைத்தால்தான் பதிவு வேலை மேலே நகரும். இது ஸ்பின்லாக் வகைப் பூட்டு. கேட்பவர் ஒதுங்கித் தூங்க முடியாது, சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். சி.பி.யு. அங்கேயே சுழன்றுகொண்டு நிற்கும். பவரை அணைத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கெர்னலைக் கவனிப்பதற்கென்று எழுதிய நிரல், தன்னையே கவனிக்கப்போய்க் கெர்னலை முடக்கியது. ஓடும் கெர்னலைத் தடமறியும் நிரல்களின் அடுத்த இருபது ஆண்டு வரலாறு இந்த ஒரு சிக்கலின் பல வடிவங்கள்தான் என்று நான் நினைக்கிறேன். கவனிக்கும் நிரலும் கவனிக்கப்படும் நிரலும் ஒரே கெர்னலுக்குள், ஒரே நினைவகத்தில், பல சி.பி.யு.க்களில் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. இப்படிப்பட்ட பிழையை நிரலாளர்கள் ‘ரேஸ்’ என்பார்கள். ஆயிரம் முறை ஓட்டினால் ஒருமுறைதான் தலைகாட்டும். பிடிக்கப் போனால் நேரக்கணக்கு மாறி மறைந்துவிடும்.

சென்ற பகுதியில் சன் நிறுவனத்தின் தடமறியும் கருவியான டிடிரேஸ் 2005-ல் சொலாரிஸ் 10 இயங்குதளத்துடன் வந்து லினக்ஸ்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்ததைப் பார்த்தோம். ஆனால் லினக்ஸ் பக்கம் வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ஐ.பி.எம்.மின் ஓஎஸ்/2 இயங்குதளத்தில் இருந்த தடமறியும் வசதியை லினக்ஸுக்குக் கொண்டுவர ரிச்சர்ட் மூர் குழுவினர் டிபுரோப்ஸ் என்ற ஒன்றைச் செய்தார்கள். அது பெரிய கட்டு. தனக்கென்று ஒரு குட்டி மொழியே வைத்திருந்தது. மூலக் கெர்னலுக்குள் அதை ஏற்கவில்லை. அதன் நடுக்கருவை மட்டும் உரித்தெடுத்து, 2002 அக்டோபரில் கேபுரோப்ஸ் என்ற பெயரில் எழுதியவர் வம்சி கிருஷ்ணா. அவரும் ஐ.பி.எம். இந்தியாதான். ரஸ்டி ரஸ்ஸல் சொன்ன யோசனைகள் அதில் சேர்ந்தன. 2004-ல் சுபர்ணா பட்டாச்சார்யா ஃபங்ஷனின் உள்ளீடுகளைப் பார்க்க ஒரு வழி சேர்த்தார். பிரசன்னா மற்றதைச் செப்பனிட்டார். அந்த ஆண்டு அக்டோபரில் வெளியான 2.6.9 பதிப்பில் கேபுரோப்ஸ் இடம்பிடித்தது. இந்தப் பெயர்களும் மாதங்களும் கேபுரோப்ஸ் நிரல்கோப்பின் தலைப்பிலேயே பதிவாகியிருந்தன. டிடிரேஸை எழுதிய மூவரைப் பற்றி உலகம் நிறையப் பேசியிருக்கிறது. எங்கள் ஊரான பல்லடத்திலிருந்து ஓர் இரவுப் பேருந்தில் போய்ச்சேரும் தூரத்தில் நடந்த இந்த வேலையைப் பற்றித் தமிழில் பேச்சே இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

பொறி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் பிழைகள் புரியும். எக்ஸ்86 வகை சி.பி.யு.வில் ‘இன்ட் 3’ என்றொரு கட்டளை உண்டு. நீளம் ஒரே ஒரு பைட், மதிப்பு 204. அதைத் தொட்டவுடன் சி.பி.யு. செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுக் கெர்னலின் குறிப்பிட்ட ஓர் இடத்துக்குத் தாவும். கேபுரோப்ஸ் செய்வது இதுதான்: நாம் கவனிக்க விரும்பும் கட்டளையின் முதல் பைட்டை எடுத்துவிட்டு அங்கே இந்த 204-ஐ எழுதும். மூலக் கட்டளையின் நகலைத் தனியே வைத்துக்கொள்ளும். பொறி தட்டியதும் முகவரியை வைத்து அட்டவணையில் தேடும். நாம் கொடுத்த நிரலை ஓட்டும். பிறகு மூலக் கட்டளையை ஒரே ஓர் அடி மட்டும் நடத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லும்.

அந்த ஓர் அடியை எங்கே நடத்துவது என்பதில் முதல் ரேஸ் ஒளிந்திருக்கிறது. எளிய வழி ஒன்று தோன்றும். 204-ஐ எடுத்துவிட்டு மூல பைட்டைத் திரும்ப எழுதி, அதை ஓட்டி, மீண்டும் 204-ஐ வைத்துவிடலாம். ஒரு சி.பி.யு. மட்டும் இருந்தால் இது சரி. இரண்டு இருந்தால், முதலாவது பொறியை எடுத்து வைத்திருக்கும் அந்தக் கண இடைவெளியில் இரண்டாவது அதே வழியாகக் கடந்துபோய்விடும். பொறி அதைப் பார்க்காது, கணக்கிலும் வராது. நூறு அழைப்புகள் நடந்திருக்கும், தொண்ணூற்றெட்டு என்று காட்டும். பிழையைத் தேடும் கருவியே பொய் சொன்னால் தேடுபவர் எங்கே போவார்? அதனால்தான் கேபுரோப்ஸ் பொறியைத் தொடாமல், தனியே வைத்த நகலை வேறு முகவரியில் ஓட்டுகிறது. ஓட்டி முடித்தபின் ரெஜிஸ்டர்களில் முகவரி சார்ந்த மதிப்புகளைத் திருத்திவிடுகிறது. வேலை கூடுதல்தான். ஆனால் பொறி ஒரு கணமும் இடத்தை விட்டு நகர்வதில்லை.

இரண்டாவது ரேஸ் இன்னும் நுட்பமானது. ஒரு சி.பி.யு. 204-ஐத் தொட்டுவிட்டது, கையாளும் நிரலுக்குத் தாவிக்கொண்டிருக்கிறது. அதே கணத்தில் இன்னொரு சி.பி.யு. அந்தப் பொறியை நீக்கிவிட்டது. கையாளும் நிரல் அட்டவணையில் தேடினால் எதுவும் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத பொறி தட்டியிருக்கிறது. இதைப் பிழை என்று அறிவித்தால் நல்ல நிலையில் ஓடிய கெர்னல் வீணாக விழும். இதற்கு எழுதிய தீர்வு, இந்த வரலாறு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த சில வரிகள். அந்த முகவரியில் இன்னமும் 204 இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் யாரோ இப்போதுதான் எடுத்திருக்கிறார்கள். ஒரு பைட் பின்னால் போய், இப்போது அங்கே இருக்கும் மூலக் கட்டளையை ஓட்டு. அவ்வளவுதான். பூட்டு இல்லை, காத்திருப்பு இல்லை. நடந்திருக்கக்கூடியதை எல்லாம் பொறுமையாக யோசித்துப் பார்த்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும்.

இவ்வளவு நுட்பம் இருந்தும் 2.6.9-ல் ஒரு பெரிய குறை இருந்தது. கெர்னல் முழுக்க எத்தனை பொறிகள் இருந்தாலும் பூட்டு ஒன்றே ஒன்று. பொறி தட்டியவுடன் அந்தப் பூட்டை எடுத்து, நம் நிரலை ஓட்டி, நகல் கட்டளையை நடத்தி முடித்த பிறகுதான் விடுவார்கள். எட்டு சி.பி.யு. உள்ள சர்வரில் ஏழு பேர் வாசலில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பல்லடம் பக்கம் எந்த விசைத்தறிக்கூடத்துக்குள் நுழைந்தாலும், ஒரு தறியில் பாவு இழை அறுந்தால் அந்தத் தறியை மட்டும்தான் நிறுத்தி முடிச்சுப் போடுவார்கள். மற்ற தறிகள் சத்தம் குறையாமல் ஓடும். கேபுரோப்ஸோ ஓர் இழைக்காகக் கூடத்தின் மெயின் ஸ்விட்சையே அணைத்துக்கொண்டிருந்தது.

2005 அதற்குச் சரியான நேரமும் இல்லை. அந்த ஆண்டின் நடுவில்தான் ஏ.எம்.டி.யும் இன்டெலும் ஒரே சில்லில் இரண்டு கோர் வைத்த பிராசஸர்களை மேசைக் கம்ப்யூட்டர்களுக்கு விற்கத் தொடங்கின. அதுவரை பெரும்பாலும் பெரிய சர்வர்களில் இருந்த ரேஸ் பிழைகள் கடைவீதிக் கம்ப்யூட்டருக்கும் வந்தன. அதே 2005-ல்தான் மத்திய அரசு ஒருங்கிணைந்த ஜவுளிப் பூங்காத் திட்டத்தை அறிவித்தது. அன்றைக்குக் கோவை மாவட்டத்தில் இருந்த பல்லடத்தில் அந்தத் திட்டத்தின் வழியாகவே ஹைடெக் நெசவுப் பூங்கா அமைந்தது. இழை அறுந்தால் தானே நின்றுகொள்ளும் தறிகளும், அவற்றைக் கணக்கு வைக்கும் கம்ப்யூட்டர்களும் இந்த ஊருக்குப் பழகிய காலம் அது.

கேபுரோப்ஸின் அந்த மெயின் ஸ்விட்சிலிருந்து விடுபடும் வழியும் பெங்களூரிலேயே இருந்தது. சீக்வென்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தில் 1990-களில் பால் மெக்கென்னியும் ஜாக் ஸ்லிங்வைனும் ஆர்.சி.யு. என்ற முறையை உருவாக்கினார்கள். 1999-ல் சீக்வென்டை ஐ.பி.எம். வாங்கியது. அந்த முறையை லினக்ஸுக்குக் கொண்டுவந்து, 2002 அக்டோபரில் 2.5.43 பதிப்பில் சேர்ப்பித்தவர் திபங்கர் சர்மா. அவரும் அதே பெங்களூர் ஆய்வகத்துக்காரர்.

ஆர்.சி.யு.வின் யோசனை பூட்டுக்கு நேர் எதிரானது. படிப்பவர்கள் எந்தப் பூட்டையும் எடுப்பதில்லை. நேராகப் போய்ப் படிக்கிறார்கள். மாற்றுபவர்தான் பொறுக்க வேண்டும். ஒரு பொறியை நீக்க வேண்டுமென்றால் முதலில் அட்டவணையிலிருந்து அதை அவிழ்த்துவிடுவார். இனிமேல் வருபவர்கள் கண்ணுக்கு அது படாது. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் யாராவது அதைக் கையில் வைத்திருக்கலாம். அதனால் நினைவகத்தை உடனே விடுவிக்காமல், ஒவ்வொரு சி.பி.யு.வும் ஒருமுறையாவது அந்தப் பகுதியை விட்டு வெளியே வந்துவிட்டது உறுதியாகும் வரை காத்திருப்பார். அதன் பிறகு எடுத்துப் போடலாம். பழையதைக் கையில் வைத்திருப்பவர் யாரும் மிச்சமிருக்க முடியாது. பொறி தட்டுவது நொடிக்கு லட்சம் முறை நடக்கலாம். பொறியை நீக்குவது எப்போதாவது. செலவை எப்போதாவது நடப்பதன் தலையில் போட்டது சரியான கணக்கு.

2005 நவம்பரில் அனந்த் மவினகாயனஹள்ளி இதைக் கேபுரோப்ஸுக்குள் கொண்டுவந்தார். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் தேவைப்பட்டது. இப்போது எந்தப் பொறி ஓடுகிறது என்று குறித்துவைக்கும் இடம் அதுவரை கெர்னலுக்கே ஒன்றுதான், அதைச் சி.பி.யு.வுக்கு ஒன்றாகப் பிரித்தார். பொறிகளின் அட்டவணையைப் படிப்பதை ஆர்.சி.யு.வின் கீழ் வைத்தார். 2006 ஜனவரியில் வெளியான 2.6.15 முதல், பல சி.பி.யு.க்களில் பொறிகள் ஒரே நேரத்தில் தட்டி, ஒரே நேரத்தில் கையாளப்பட்டன. இதில் ஒரு விலையும் உண்டு. முன்பெல்லாம் பொதுப்பூட்டு இருந்ததால் நாம் எழுதிக் கொடுக்கும் நிரல் இரண்டு இடத்தில் ஒரே சமயம் ஓடாது. கவலையில்லாமல் ஒரு எண்ணைக் கூட்டிக்கொண்டே போகலாம். 2.6.15-க்குப் பிறகு அதே நிரல் நான்கு சி.பி.யு.வில் ஒரே கணத்தில் ஓடலாம். பூட்டிடம் இருந்த பொறுப்பு, பொறி வைப்பவரின் தோளுக்கு வந்தது. கெர்னலின் ஆவணம் இதைப் பதிப்பு எண்ணோடு வெளிப்படையாக எழுதிவைத்தது. பழைய நிரலை அப்படியே ஓட்டியவர்களின் எண்ணிக்கைகள் பிசகியிருந்தால் அதற்குக் காரணம் அங்கே இருந்தது.

மீண்டும் பிரசன்னாவின் செப்டம்பர் திருத்தத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பொதுப்பூட்டை நீக்கிவிட்டாலும் அவர் காட்டிய சிக்கல் முழுதாகத் தீராது. பொறியைக் கையாளும் நிரலே பொறியில் விழுந்தால், அதைக் கையாளப் போய் மறுபடியும் விழும், முடிவே இருக்காது. அவருடைய தீர்வு ஒரு வேலி. கேபுரோப்ஸின் சொந்த ஃபங்ஷன்களையும் அது நம்பியிருக்கும் ஃபங்ஷன்களையும் கெர்னல் நிரலின் தனிப் பகுதி ஒன்றில் ஒதுக்கி, அங்கே பொறி வைக்கக் கேட்டால் மறுத்துவிட வேண்டும். 2005 அக்டோபர் கடைசியில் வந்த 2.6.14-ல் இது இடம்பெற்றது. வேலி எங்கே முடிய வேண்டும் என்பது பிற்பாடு வெகுகாலம் இழுத்த விவகாரம். ஒரு ஃபங்ஷனை விட்டுவிட்டால் கெர்னல் விழும். தேவைக்கு மேல் சேர்த்தால் பார்க்க வேண்டிய இடம் இருட்டாகிவிடும். 2014-ல் ஹிட்டாச்சியின் மசாமி ஹிராமட்சு இந்த ஒதுக்கலைப் புதிய முறையில் எழுதி, பட்டியல் முழுவதையும் சலித்தெடுத்தார்.

வேலிக்கு வெளியேயும் ஓர் ஆபத்து இருந்தது. நம் பொறிநிரல் ஒரு சாதாரண ஃபங்ஷனை அழைக்கிறது. அந்த ஃபங்ஷனில் வேறொருவர் பொறி வைத்திருக்கிறார். தொடக்கத்தில் கேபுரோப்ஸ் இரண்டாவது பொறியை நிரந்தரமாகவே செயலிழக்கச் செய்துவிடும். வைத்தவருக்குத் தெரியவே தெரியாது. 2005 கோடையில் பிரசன்னா இதையும் மாற்றினார். முதல் பொறியின் நிலையைச் சேமித்துவைத்து, இரண்டாவதன் நிரலை ஓட்டாமல் அதன் மூலக் கட்டளையை மட்டும் நடத்திக் கடந்து, பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். பிற்பாடு ஓர் எண்ணியும் சேர்ந்தது: இந்தப் பொறி எத்தனை முறை தட்டியும் கையாளப்படவில்லை என்று அது கணக்கு வைக்கிறது. நான் பார்க்கத் தவறியது இத்தனை என்று சொல்லும் கருவியை நம்பலாம். தடமறியும் எந்தக் கருவியை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.

ஃபங்ஷன் முடிந்து திரும்பும் இடத்தைக் கவனிக்கும் பொறிகளிலும் ஒரே பூட்டுப் பிரச்சினை தனியாக இருந்தது. 2008-ல் ஐ.பி.எம். இந்தியாவின் சீனிவாசா அந்த ஒரு பூட்டைப் பல பூட்டுகளாகச் சிதறடித்தார், 2.6.27-ல் அது வந்தது.

அந்த 2.6.27 என்ற எண்ணைக் கேட்டால் பழைய கெர்னல்காரர்கள் இன்னொன்றை நினைப்பார்கள். அதன் சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்களின் இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் 2008 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் செத்துவிழத் தொடங்கின. மென்பொருள் பிழைக்கு மறுபடி பூட் செய்தால் போதும்; இங்கே கார்டுக்குள் இருக்கும் அழியா நினைவகமே சிதைந்துபோனது. இ1000இ என்ற டிரைவர்மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். வாரக்கணக்கில் தேடியபின் குற்றவாளி அகப்பட்டது அதே பதிப்பில் புதிதாக வந்திருந்த எஃப்டிரேஸ் என்ற தடமறியும் நிரலில். அதை எழுதியவர் ஸ்டீவன் ராஸ்டெட். தன் நிரல்தான் காரணம் என்று தெரிந்ததும் அதை விளக்கியவரும் அவர்தான்.

நடந்தது இது. கெர்னலின் ஒவ்வொரு ஃபங்ஷன் தொடக்கத்திலும் தடமறியும் நிரலுக்கு ஓர் அழைப்பு இருக்கும். ஒரு ஃபங்ஷன் முதல்முறை ஓடும்போது எஃப்டிரேஸ் அதன் முகவரியைக் குறித்துக்கொள்ளும். நொடிக்கு ஒருமுறை விழிக்கும் ஒரு பின்னணி வேலை, குறித்த முகவரிகளுக்குப் போய் அந்த அழைப்பை வெற்றுக் கட்டளையாக மாற்றிவிடும். குறிப்பதற்கும் மாற்றுவதற்கும் நடுவே ஒரு நொடி இருக்கிறது. ஒரு டிரைவர் ஏறும்போது மட்டும் தேவைப்படும் தொடக்கநிரல், ஏறி முடிந்ததும் நினைவகத்திலிருந்து விடுவிக்கப்படும். அந்த நொடிக்குள் அதே முகவரி வேறொருவருக்குப் போய்ச்சேர்ந்தது. அந்த வேறொருவர் நெட்வொர்க் கார்டின் அழியா நினைவகம். பின்னணி வேலை பழைய முகவரியை நம்பிப் போய், ‘பழைய மதிப்பு இருந்தால் மட்டும் மாற்று’ என்ற எச்சரிக்கையான கட்டளையைத்தான் கொடுத்தது. சாதாரண நினைவகத்தில் அது பாதுகாப்பானது. ஆனால் எக்ஸ்86-ல் அந்தக் கட்டளை, ஒப்பீடு பொருந்தாவிட்டாலும் ஓர் எழுத்தை நிகழ்த்தும். கார்டின் நினைவகத்தில் அந்த எழுத்து அழிவாக முடிந்தது.

அக்டோபர் 9-ல் 2.6.27 வெளியானது, சில நாளில் வந்த 2.6.27.1-ல் எஃப்டிரேஸின் அந்தப் பகுதி முடக்கப்பட்டது. அடுத்த பதிப்பில் ராஸ்டெட் அடிப்படையையே மாற்றினார். ஓடும்போது முகவரி குறிப்பதை விட்டுவிட்டு, கெர்னலைக் கம்பைல் செய்யும்போதே எல்லா அழைப்பிடங்களின் பட்டியலையும் எடுத்து உள்ளே வைத்தார். தொடக்கநிரல் விடுவிக்கப்படும்போது அதன் முகவரிகள் பட்டியலிலிருந்தும் போய்விடும். ரேஸை ஒரு பூட்டு போட்டு அடைக்காமல், அது நடக்கும் இடைவெளியையே இல்லாமல் செய்தார். இவ்வகைப் பிழைகளுக்கு இதைவிட நல்ல தீர்வை நான் பார்த்ததில்லை.

ஆனாலும் எஃப்டிரேஸை இயக்கும்போதும் நிறுத்தும்போதும் எல்லா சி.பி.யு.க்களையும் ஒருசேர நிறுத்திவைத்துத்தான் கட்டளைகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பைட் நீளக் கட்டளையை ஒரு சி.பி.யு. எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று பாதியைப் படித்துவிட்டால் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதே காரணம். 2012-ல் இதற்கும் விடிவு வந்தது, வந்த வழி கேபுரோப்ஸின் அதே ஒற்றை பைட். முதல் பைட்டில் 204-ஐ வை. எல்லா சி.பி.யு.க்களுக்கும் செய்தி அனுப்பி அவை அதைப் பார்த்துவிட்டதை உறுதி செய். மீதி நான்கு பைட்டுகளை மாற்று, மறுபடி செய்தி அனுப்பு. கடைசியாக முதல் பைட்டைச் சரிசெய். நடுவில் யாராவது வந்து 204-ஐத் தொட்டால், கையாளும் நிரல் அவரை அந்த ஐந்து பைட்டையும் தாண்டி விட்டுவிடும். யாரையும் நிறுத்த வேண்டியதில்லை.

இதன் பிறகும் ஒரு முடிச்சு அவிழவில்லை. அந்த அழைப்பு தாவிச்செல்லும் இடைநிரலின் (டிராம்போலைன்) நடுவில் ஒரு வேலை ஏற்கெனவே இடைநிறுத்தப்பட்டுத் தூங்கிக்கொண்டிருந்தால், அது எப்போது விழிக்கும் என்று தெரியாது. அதற்குள் இடைநிரலை விடுவித்துவிட்டால், விழித்ததும் இல்லாத நிரலில் கால் வைக்கும். சி.பி.யு.க்களைக் கணக்கெடுக்கும் பழைய ஆர்.சி.யு.வால் இதைப் பார்க்க முடியாது. 2014-ல் மெக்கென்னி, சி.பி.யு.க்களுக்குப் பதிலாக வேலைகளையே ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொன்றும் தானாக விருப்பப்பட்டு இடம்விட்டு நகரும் வரை காத்திருக்கும் புது வகை ஆர்.சி.யு.வை எழுதினார். தடமறிபவர்கள் கேட்டதால் பிறந்தது அது.

இதுவரை நாம் பார்த்த பொறிகள் எல்லாம் கெர்னலுக்குள் வைத்தவை. பயனர் நிரல்களுக்குள் இதே பொறியை வைக்க ஐ.பி.எம்.மின் ஸ்ரீகர் துரோணம்ராஜு பல ஆண்டுகள் எழுதி, திருத்தி, மீண்டும் எழுதிய யுபுரோப்ஸ் 2012 ஜூலையில் 3.5 பதிப்பில் சேர்ந்தது. ஒரே நிரல்பக்கத்தை நூறு புராசஸ்கள் பகிர்ந்துகொண்டிருக்கும்போது ஒன்றில் மட்டும் பொறி வைப்பது எப்படி, அதில் ஓலெக் நெஸ்டெரோவ் கண்டுபிடித்த ரேஸ்கள் என்னென்ன, 2024-ல் அந்தப் பொறிகளின் பூட்டுகள் எப்படிக் கழன்றன என்பதை அடுத்த பகுதியில் எழுதுகிறேன்.

(தொடரும்)